அதுவாகவே நிரம்பிய கட்டம்

கிண்டி அலுவலகத்தின் பழைய கோப்புகளைப் புரட்டினால், "லினக்ஸ் மாடல்: தென் மண்டலத்தில் விற்பனையை நிறுத்தப் பரிந்துரை" என்ற தலைப்பில் ஒன்பது பக்க அறிக்கை ஒன்று உங்கள் கைக்கு வரும். அட்டவணைகள் சுத்தமாக இருக்கும். ஒரு கூட்டல் பிழைகூட இருக்காது. கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து இருக்கும். அந்த அறிக்கை முழுக்கத் தவறு. அதைத் திரும்பப் பெற்றுக்கொண்ட கடிதம் வேறொரு கோப்பில் இருக்கிறது, தேடினால்தான் கிடைக்கும். இரண்டுக்கும் நடுவில் நான்கு நாட்களில் என்ன நடந்தது, அதற்குப் பிறகு ஒரு மாதம் எப்படிப் போனது என்பது எந்தக் கோப்பிலும் இல்லை. என் நாட்குறிப்பில் இருக்கிறது. தயாரிப்புத் திட்டமிடலுக்கும் சேவைப் பிரிவுக்கும் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக அதை எழுதுகிறேன். விருப்ப ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவளுக்கு எதையும் மழுப்ப வேண்டிய அவசியம் இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் இல்லாமல் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்ட மடிக்கணினியை விற்க நம்மைப் போன்ற நிறுவனங்கள் தயங்குவதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. ஒரே மாடலின் வைஃபை, டச்பேட், கைரேகை எல்லாவற்றையும் இரண்டு முறை சோதிக்க வேண்டும். உதவி எண்ணில் பதில் சொல்ல இரண்டு வகை ஆட்களுக்குப் பயிற்சி தர வேண்டும். விளம்பரச் செலவில் பங்கு தர விண்டோஸ் பக்கம் ஆள் உண்டு. லினக்ஸ் பக்கம் யாரும் இல்லை. இதெல்லாம் பொய்யில்லை.

ஆனால் நாங்கள் வெளியில் சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. எங்கள் லினக்ஸ் மாடல் விற்பதற்காக வந்ததே இல்லை. விளம்பரத்தில் "இந்த விலையிலிருந்து" என்று ஒரு சின்ன எண்ணைப் போடுவதற்காக வந்தது. கடைக்காரர்களுக்கு நடத்திய பயிற்சி வகுப்பில் எங்கள் ஆட்களே, "உள்ளே ஒண்ணும் இல்லாததால விலை கம்மி" என்று சொல்லிக்கொடுத்தார்கள். நானும் அந்த அறையில் உட்கார்ந்திருந்தேன். மறுத்துப் பேசவில்லை. காலியான பெட்டிக்கு நாங்கள் வைத்த பெயர் லினக்ஸ்.

என் வேலை, மாதா மாதம் சேவை மையங்களிலிருந்து வரும் புகார் படிவங்களை மாடல் வாரியாகப் பிரித்து அட்டவணை போடுவது. மூன்று காலாண்டுகளாக ஒரே சித்திரம்தான் தெரிந்தது. "பூட் ஆகவில்லை", "வைஃபை வரவில்லை", "மிகவும் மெதுவாக இருக்கிறது" என்ற புகார்கள் லினக்ஸ் மாடலில் மற்றவற்றைப் போல் பல மடங்கு. அட்டவணையோடு அந்த ஒன்பது பக்க அறிக்கையை எழுதித் தலைமையகத்துக்கு அனுப்பினேன். மாத இறுதிக்குள் கையிருப்பைத் திருப்பி அனுப்பும்படி எல்லா டீலர்களுக்கும் சுற்றறிக்கை போயிற்று. வெள்ளிக்கிழமை தலைமையகத்திலிருந்து தயாரிப்புப் பிரிவுத் தலைவர் வந்து முடிவை உறுதி செய்வதாக ஏற்பாடு.

செவ்வாய்க்கிழமை காலை 10.20. என் மேசைக்கு முன்னால் இருவர் வந்து நின்றார்கள். ஒருவர் பர்வீன். மயிலாப்பூரில் லஸ் பக்கம் கடை வைத்திருக்கும் எங்கள் டீலர். நாற்பது வயதுக்குள் இருப்பார். மூன்று பேருக்கு வேலை கொடுத்து, கடையைத் தனியாக நடத்தும் பெண். இன்னொருவர் தாஸ். அடையாற்றுக் கரையிலிருந்து நகரத்துக்கு வெளியே குடியமர்த்தப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்காகக் கணினி மையங்கள் நடத்தும் ஓர் அறக்கட்டளையின் ஒருங்கிணைப்பாளர். அவரும் அதே கரையில் வளர்ந்தவர்தான்.

பர்வீன் சுற்றறிக்கையை மேசையில் வைத்தார். "மேடம், நாப்பது மெஷின் ஆர்டர். லினக்ஸ்தான் வேணும்னு எழுத்துல கொடுத்திருக்காங்க. நான் வாக்கு கொடுத்துட்டேன். இப்ப இதை அனுப்புறீங்க."

"விண்டோஸ் மாடலையே கொடுங்களேன் பர்வீன்."

தாஸ் குறுக்கிட்டார். "அதுக்கு எங்ககிட்ட நிதி கிடையாது மேடம். இருந்தாலும் வேணாம். எங்க பசங்க கத்துக்கினு இருக்குறதே லினக்ஸ்லதான்."

"அப்படியென்றால் வேறு மாடல் வாங்கி நீங்களே போட்டுக்கொள்ளலாமே?"

"போடத் தெரியாம இல்ல மேடம். கண்ணை மூடிக்கினு போடுவேன். ஆனா நாங்க போட்டா, 'கம்பெனி போட்டது இல்ல, சாஃப்ட்வேர் தகராறு'ன்னு உங்க சர்வீஸ் ஆளு கையை விரிச்சிடுவாரு. ஒரு மெஷின் பூட்ச்சின்னா இன்னொண்ணு வாங்க எங்களுக்கு வழி இல்ல. கம்பெனி போட்டுக் குடுத்தா கம்பெனிதான் பார்க்கணும். அத்தொட்டுத்தான் கேக்குறோம்."

பதில் சொல்லத் தெரியாதபோது நான் அட்டவணையைக் காட்டுவேன். அன்றும் காட்டினேன். பர்வீன் அதைப் பார்க்கவேயில்லை.

"மேடம், இந்த மாசக் கடைசியில என் டீலர்ஷிப் மறுபரிசீலனைக்கு வருது. ரெண்டு தடவை இலக்கு தொடல. இந்த ஆர்டரும் போச்சுன்னா கடை வாசல்ல இருக்கிற உங்க போர்டை நானே ஏணி போட்டு இறக்கணும். அது போகட்டும். ஒண்ணு மட்டும் கேக்குறேன். இவ்வளவு எழுதியிருக்கீங்களே, ஒரே ஒரு மெஷினையாவது நீங்க திறந்து பார்த்தீங்களா?"

கோபம் வந்தது. பதினெட்டு வருடமாக ஒரு எண்ணைக்கூட இரண்டு முறை சரிபார்க்காமல் எழுதியதில்லை நான். பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அன்றைய நாட்குறிப்பில், "பர்வீனின் கேள்வி நியாயமற்றது" என்று எழுதியிருக்கிறேன். அடுத்த வரி: "பதில்: இல்லை."

மறுநாள் காலை தி. நகர் சேவை மையத்துக்குப் போனேன். பனகல் பூங்காவிலிருந்து நடக்கிற தூரம். மாதா மாதம் அங்கிருந்து எனக்குப் படிவங்கள் வந்துகொண்டிருந்தன. நான் அந்தப் படி ஏறி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அங்கே இருந்த மூத்த பொறியாளரின் பெயரை அவர் விருப்பப்படி எழுதவில்லை. திருகாணிகளைக் காந்தத் தட்டில் வரிசையாக அடுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னா மேடம், நீங்களே வந்துக்கினீங்க? ஆடிட்டா?"

"லினக்ஸ் மாடல்களைப் பார்க்க வேண்டும். எத்தனை இருக்கின்றன?"

"பதினொண்ணு கீது. இன்னாத்தப் பாக்கப் போறீங்க?"

"ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கப் போகிறேன்."

சிரித்தார். "அப்ப டீ சொல்றேன். நேரம் ஆவும்."

முதல் மடிக்கணினியைத் திறந்தார். படிவத்தில் இயங்குதளம் என்ற கட்டத்தில் "லினக்ஸ்" என்று அச்சாகியிருந்தது. புகார்: மெதுவாக இருக்கிறது. திரையில் எழுந்தது விண்டோஸ். மூலையில், இது உண்மையான பிரதி அல்ல என்ற அறிவிப்பு.

"இது எப்படி?"

"கடையில போட்டுக் குடுத்ததுதான். ஓசி."

இரண்டாவதிலும் அதேதான். மூன்றாவதிலும். நான்காவதில் வைஃபை வரவில்லை; அதற்கான டிரைவர் மென்பொருளைப் போடாமலே கடையில் விண்டோஸை ஏற்றியிருந்தார்கள். பதினொன்றில் ஒன்பது இந்த வகை. பத்தாவதில் லினக்ஸ் அப்படியே இருந்தது, வன்தட்டு பழுது. பதினொன்றாவதிலும் லினக்ஸ் அப்படியே இருந்தது. புகார்: கேமரா வேலை செய்யவில்லை. பொறியாளர் ஈரத்துணியால் திரையின் மேல் விளிம்பைத் துடைத்தார். பூஜை போட்டபோது வைத்த சந்தனமும் குங்குமமும் துணியில் வந்தன. கேமரா வேலை செய்தது.

"மயிலாப்பூர் கேஸு," என்றார் பொறியாளர். "மாசத்துக்கு ஒண்ணு வரும். பொட்டு வெக்க நடு மத்திதான வேணும்? அங்கதான் கேமராவும் கீது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பொட்டும் என் அட்டவணையில் லினக்ஸின் குறையாக ஏறியிருக்கும்.

"இந்த ஒன்பதிலும் விண்டோஸ் இருக்கிறது. பிறகு ஏன் படிவத்தில் லினக்ஸ் என்று எழுதுகிறீர்கள்?"

"நாங்க எங்க மேடம் எழுதுறோம்? சீரியல் நம்பர் அடிச்சா அந்தக் கட்டம் அதுவே ரொப்பிக்கும். கம்பெனியிலேருந்து போறப்ப இன்னா இருந்துச்சோ அதுதான் வரும். அழிக்க முடியாது."

"அப்படியானால் இப்போது உள்ளே என்ன இருக்கிறது என்பதை எங்கே எழுதுவீர்கள்?"

"அதுக்குக் கட்டமே இல்லியே."

டீயைக் குடித்தேன். அவரே தொடர்ந்தார். குறிப்புப் பகுதியில் எழுதலாம். ஆனால் கள்ளப் பிரதி என்று எழுதினால் இலவச சேவை கிடையாது. வாடிக்கையாளர் கவுண்டரில் நின்று சண்டை போடுவார். அதனால் எதுவும் எழுதாமல் எல்லாவற்றையும் அழித்து, கம்பெனி கொடுத்த லினக்ஸையே திரும்பப் போட்டு அனுப்புவார்கள். வாடிக்கையாளர் அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போவார். கடையில் மறுபடி விண்டோஸ் ஏறும். இரண்டு மாதத்தில் மறுபடி இங்கே வரும்.

"இதோ இது மூணாவது தபா வந்துகீது," என்று ஒன்றைத் தட்டிக் காட்டினார்.

என் அட்டவணையில் அது ஒரு இயந்திரம் இல்லை. மூன்று புகார்.

இங்கே உங்களிடம் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நான் எண்ணியதில் பிழை இல்லை. எண்ணியது எதை என்பதில்தான் பிழை. ஒரு படிவம் உங்களிடம் வரும்போது, ஒவ்வொரு கட்டத்தையும் யார் நிரப்புகிறார்கள், அதை உண்மையாக நிரப்பினால் அவருக்கு என்ன தொல்லை வரும் என்று விசாரியுங்கள். யாருமே நிரப்பாமல் அதுவாக நிரம்பும் கட்டம் இருந்தால் நேரில் போங்கள். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு நாள்தான் தேவைப்பட்டது. அந்த ஒரு நாளை மூன்று காலாண்டுகளாக நான் ஒதுக்கவில்லை.

ஒன்பது இயந்திரங்களும் எந்தக் கடைகளில் வாங்கியவை என்று குறித்துக்கொண்டேன். ஒன்பதும் வெவ்வேறு கடைகள். ஐந்தாவது பர்வீனின் கடை.

அறிக்கை தவறு என்று நிரூபிக்க எனக்கு இந்தப் பட்டியல் வேண்டும். பட்டியலைக் கொடுத்தால், உரிமம் இல்லாத மென்பொருளைப் போட்டுக் கொடுத்த கடை என்று ஒப்பந்தப்படி பர்வீனின் டீலர்ஷிப்பை அன்றே ரத்து செய்யலாம். கொடுக்காவிட்டால் சுற்றறிக்கை நிற்கும். நாற்பது இயந்திர ஆர்டர் போகும். மாதக் கடைசியில் எப்படியும் போர்டு இறங்கும். எந்தப் பக்கம் போனாலும் அவர் கடைதான்.

மாலை 5.10க்குப் பர்வீனின் கடைக்குப் போனேன். ஒரு வாடிக்கையாளர் வெளியே போகும்வரை காத்திருந்து சொன்னேன்.

"ஒரு மெஷினைத் திறந்து பார்க்கச் சொன்னீர்கள். பதினொன்று பார்த்தேன். ஒன்று உங்களுடையது."

"தெரியும் மேடம்."

"தெரிந்தேதான் என்னைப் போய்ப் பார்க்கச் சொன்னீர்களா?"

"தெரிஞ்சேதான். என் வாயால சொல்ல தைரியம் வரல. நீங்களே பார்த்துட்டா நான் சொல்ல வேண்டியதில்லையே." நாற்காலியை என் பக்கம் தள்ளினார். "பில் போடுறதுக்கு முன்னாடியே கேக்குறாங்க மேடம், 'விண்டோஸ் போட்டுத் தருவீங்கல்ல?'ன்னு. முடியாதுன்னா பக்கத்து கடை. உள்ள ஒண்ணும் இல்லன்னு நீங்கதானே கிளாஸ் எடுத்தீங்க? ஒண்ணும் இல்லாததை எப்படி விக்கிறது? ஏதாவது போட்டுத்தானே குடுக்கணும்?"

உட்கார்ந்தேன். "வெள்ளிக்கிழமை கடைகளின் பெயரைக் கேட்பார்கள்," என்றேன். "உங்கள் பெயரை விட்டுவிட்டுக் கொடுக்க என்னால் முடியும். எட்டுக் கடைகள் போதும்."

அதைச் சொன்னபோது நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். பர்வீன் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் நன்றி இல்லை.

"அப்புறம் மத்த எட்டு பேர்? அவங்க என் கடைக்குச் சரக்கு குறையும்போது குடுத்து வாங்குற ஆளுங்க. நாளைக்கு எனக்கு மட்டும் போர்டு இருந்தா, யார் காட்டிக்கொடுத்ததுன்னு கண்டுபிடிக்க மாட்டாங்களா? எழுதுங்க மேடம். எல்லாத்தையும் எழுதுங்க. ஒரு அறிக்கையைத்தான் தப்பா எழுதிட்டீங்க, இன்னொண்ணும் வேணாம்."

வியாழக்கிழமை முழுவதும் மூன்று பக்கம் எழுதினேன். கடைகளை எந்த வரிசையில் வைப்பது என்று யோசித்தேன். அகர வரிசை, பகுதி வாரி, விற்பனை அளவு என்று எதுவும் சரியாகப் படவில்லை. கடைசியில் என் வழக்கப்படி தேதி வரிசையில் வைத்தேன். எந்த இயந்திரம் முதலில் சேவை மையத்துக்கு வந்ததோ அது முதலில். வைத்த பிறகுதான் முதல் பெயரைக் கவனித்தேன். இரண்டு முறை சரிபார்த்தேன். மாற்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலை 11.00. தயாரிப்புப் பிரிவுத் தலைவர், விற்பனை மேலாளர், நான்.

"இந்த ரிப்போர்ட் நீங்க கொடுத்ததுதானே?" என்று கேட்டார் தலைவர்.

"ஆமாம் சார். திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தவறு."

"எவ்வளவு தப்பு?"

"முழுசாக சார்."

கண்ணாடியைக் கழற்றினார். கூர்மையான மனிதர், கத்த மாட்டார். மூன்று பக்கத்தையும் என் எதிரிலேயே படித்தார். "பதினோரு மெஷினை வச்சுக்கிட்டு மூணு காலாண்டு டேட்டாவைத் தூக்கிப் போடச் சொல்றீங்களா?"

"அந்த டேட்டாவில் ஒரு மெஷினைக்கூட யாரும் பார்க்கவில்லை சார். இதில் பதினொன்றைப் பார்த்திருக்கிறேன்."

விற்பனை மேலாளர் இருமினார். தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். "சரி. அப்ப குற்றவாளி லினக்ஸ் இல்ல, கடைக்காரன். பேரைக் கொடுங்க. ஒப்பந்தம் தெளிவா இருக்கு, இன்னைக்கே ரத்து."

பட்டியலை நீட்டினேன். முதல் வரியிலேயே அவர் கண் நின்றது. தி. நகரில் இருக்கும் எங்கள் சொந்த ஷோரூம். ஒரு வருடத்துக்கு முன்னால் ரிப்பன் வெட்டியவர் அவர்தான்.

"இது வேணும்னு முதல்ல வச்சீங்களா?"

"தேதி வரிசை சார்."

சொல்ல வேண்டியதைச் சொல்ல அதுதான் நேரம் என்று தோன்றியது. "ஒன்பது கடையையும் ரத்து செய்தால் நம் ஷோரூமும் மூட வேண்டும் சார். ஒன்றை மட்டும் ரத்து செய்தால் அது நியாயம் இல்லை. இவர்கள் எல்லோரும் நாம் சொன்னதைத்தான் நம்பினார்கள். உள்ளே ஒன்றுமில்லை என்று நாம் சொன்னோம். அவர்கள் எதையோ போட்டு நிரப்பினார்கள்."

அவர் பட்டியலை இன்னொரு முறை கடைசி வரி வரை படித்தார். பிறகு ஒரு சவால் போலச் சொன்னார். "நாப்பது மெஷின் போகட்டும், அது எழுத்துல வந்த ஆர்டர். சுற்றறிக்கையை நிறுத்தி வைக்கிறேன். ஆனா நீங்க சொல்றது உண்மைன்னா, கடைக்கு நடந்து வர்ற சாதாரண ஆளும் இதை வாங்கணும். இந்த ஒன்பது கடைக்கும் முப்பது நாள். ஒரே ஒரு லினக்ஸ் மாடல். உள்ள எதையும் மாத்தாம, வாங்குறவங்களுக்கு என்ன வாங்குறோம்னு தெரிஞ்சு, அவங்க கையெழுத்தோட. விக்காத கடைக்கு போர்டு கிடையாது."

"நம் ஷோரூமுக்கும் சேர்த்துத்தானே சார்?"

முதல் முறையாகச் சிரித்தார். "சேர்த்துத்தான்."

ஒன்று என்றால் எளிது என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். தாஸ் நாற்பது இயந்திரங்களை எடுத்துப்போக வந்த அன்று பர்வீன் லினக்ஸ் மாடல் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து, திறந்த நிலையில் கவுண்டரில் வைத்தார். அதுவரை எந்தக் கடையிலும் அது காட்சிக்கென்று பெட்டியை விட்டு வெளியே வந்ததில்லை. தாஸ் அதில் தமிழ்த் தட்டச்சைத் தயார் செய்து, கடையின் பிரிண்டரையும் இணைத்துக் கொடுத்தார்.

"யாரு வந்தாலும் லினக்ஸுன்னு ஆரம்பிக்காதீங்கக்கா," என்றார் பர்வீனிடம். "அவங்க வேலையைச் செய்யச் சொல்லுங்க. அவ்ளோதான்."

நான் வாரத்துக்கு இரண்டு மாலை அந்தக் கடையில் உட்கார்ந்தேன். அது என் வேலை இல்லை என்று விற்பனை மேலாளர் சொன்னார். மூன்று காலாண்டுகளாக என் வேலையை மட்டுமே செய்ததால்தான் இங்கே வந்து நிற்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

முதல் வாரம் ஏழு பேர் விசாரித்தார்கள். ஏழு பேரும், "விண்டோஸ் போட்டுத் தருவீங்கல்ல?" என்றார்கள். பர்வீன், "மாட்டோம் சார், வேணும்னா விண்டோஸ் மாடலாவே எடுத்துக்கங்க," என்றார். இரண்டு பேர் விண்டோஸ் மாடலை எடுத்தார்கள், ஐந்து பேர் வெளியே போனார்கள். இரண்டாவது வாரமும் அப்படியே. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன பர்வீன், கடையில சத்தியாகிரகமா? கஸ்டமரை எல்லாம் நம்ம பக்கம் அனுப்புறதுக்கு ரொம்ப நன்றி," என்று கும்பிட்டார். பர்வீனும் கும்பிட்டார். "நீங்களும் ஒண்ணு வித்தாகணும் பாஸ், ஞாபகம் இருக்குல்ல?" பட்டியலில் ஏழாவது அவர்.

மூன்றாவது வாரம் பர்வீன் பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஒரு மாலை, கடையை வேறு பெயரில் நடத்த முடியுமா என்று வீட்டில் பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். வேலையாட்கள் மூவரில் ஒருவரை நிறுத்த வேண்டியிருக்கும். யாரை என்றுதான் தெரியவில்லை என்றார். நான் ஆறுதல் சொல்லவில்லை. அந்த நிலைக்கு அவரைக் கொண்டுவந்தது என் ஒன்பது பக்கம்.

இருபத்தொன்பதாவது நாள், சனிக்கிழமை மாலை 4.40. மாட வீதிப் பக்கமிருந்து ஒரு மாமி வந்தார். அறுபது வயதிருக்கும். கையில் துணிப்பை. வீட்டிலிருந்தே பட்சணம் செய்து கொடுக்கும் தொழில். தீபாவளிக்கு ஆர்டர்கள் குவிகின்றன. பழைய கணினி நின்றுபோய்விட்டது.

"விலை அப்புறம் பேசலாம். முதல்ல என் லிஸ்ட் தெரியறதான்னு பார்க்கணும்," என்று பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தார்.

பர்வீன் கவுண்டரில் இருந்த இயந்திரத்தை அவர் பக்கம் திருப்பினார். "நீங்களே போட்டுப் பாருங்கம்மா."

மாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பென்டிரைவைச் செருகி, கோப்பைத் திறந்தார். பெயர்கள், தேதிகள், முறுக்கு இத்தனை, மைசூர்பாகு இத்தனை. ஒரு வரியைத் திருத்தினார். தமிழில் இரண்டு பெயர் சேர்த்தார். பிரிண்ட் கொடுத்தார். காகிதம் வந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வைரஸ் கிரஸ் வந்து படுத்துமோ? போன தடவை என் மருமான் எதையோ போட்டுக் குடுத்து, ஆத்துல இருந்த போட்டோ எல்லாம் போச்சு."

"இதுல அந்தத் தொல்லை கம்மிம்மா. ஆனா ஒண்ணு சொல்லணும். இது விண்டோஸ் இல்ல. லினக்ஸ்னு வேற. விண்டோஸ்ல ஓடுற சில சாஃப்ட்வேர் இதுல ஓடாது. உங்க வேலைக்கு வேற ஏதாவது வேணுமா, யோசிச்சுச் சொல்லுங்க."

"எனக்கு இந்த லிஸ்ட், பாங்கு, என் பொண்ணோட வீடியோ கால். அவ்வளவுதான்."

மூன்றையும் செய்து பார்த்தார். வீடியோ அழைப்பில் மகள் வந்து, எங்கே இருக்கிறாய் என்று கேட்டாள். "கடையில. வாங்கிண்டிருக்கேன், அப்புறம் பேசறேன்," என்று வைத்துவிட்டார். "சரி, இதையே குடுங்கோ."

பர்வீன் புதுப் பெட்டி ஒன்றை எடுக்கச் சொன்னார். கடையின் மூத்த ஊழியர் பெட்டியோடு வந்து, பல வருடப் பழக்கத்தில், மூச்சு விடுவது போல இயல்பாக மாமியிடம் கேட்டார்: "விண்டோஸ் போட்டுடட்டுமா மேடம்?"

பர்வீனின் கை பில் புத்தகத்தின் மேல் அப்படியே நின்றது. நான் நாற்காலியின் விளிம்புக்கு வந்திருந்தேன்.

மாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எதுக்கு? நன்னாத்தானே ஓடிண்டிருக்கு?"

யாரும் சிரிக்கவில்லை. ஊழியர் பெட்டியை வைத்துவிட்டு, ஏதோ வேலை இருப்பது போல உள்ளே போய்விட்டார். பர்வீன் தலைமையகம் அனுப்பிய உறுதிமொழித் தாளை மாமியின் முன்னால் வைத்தார்.

"இது என்னத்துக்கு?"

"நீங்க வாங்குறது என்னன்னு உங்களுக்குத் தெரியும்னு ஒரு கையெழுத்தும்மா."

மாமி தாளை முழுக்கப் படித்தார். பிறகு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன விக்கறோம்னு வாங்கறவாகிட்ட சொல்லாமயா இத்தனை நாள் வித்துண்டிருந்தேள்?"

பர்வீன் என்னைப் பார்த்தார். நான் பேனாவின் மூடியைக் கழற்றி மாமியிடம் நீட்டினேன்.